எண்ணுக்குள் அடங்காத வயிறு

கோவில்பட்டியில் சித்தி மகள் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் என்னைப் பிடித்து நிறுத்திய அத்தை, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சத்தமாகவே கேட்டாள்: “ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சு அழகா ஆயிட்ட? என்னத்தட்டி சாப்பிடுத? எங்களுக்கும் சொல்லேன்.” சுற்றி நின்ற மதினிமார்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருத்தி என் இடுப்பை இரண்டு கைகளாலும் அளந்து பார்த்தாள். நான் சிரித்தேன். காலையிலிருந்து ஆறு முறை கழிப்பறைக்குப் போயிருந்தேன். கடைசி முறை ரத்தம் வந்தது. பந்தியில் உட்காராமல் தப்பிக்க என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தவள், அந்தப் பாராட்டைக் கேட்டதும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் குளிர்ச்சியைப் பற்றியது. நோய் தின்றுகொண்டிருந்த உடம்பை அழகு என்று அத்தை சொன்னது அவளுடைய அறியாமை. அதை நான் நம்பினேனே, அது என்ன? அதுவரை பெண்ணியம் பேசியவள், பெண் உடலைச் சந்தை எப்படி வார்க்கிறது என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவள், எடை இயந்திரத்தின் முள் இறங்குவதைப் பார்த்து ஏன் மகிழ்ந்தேன்?

ஒரு சூத்திரத்தின் கதை

முதலில் என் எண்களைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 157 சென்டிமீட்டர். நோய் தொடங்குவதற்கு முன் எடை 61 கிலோ. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ. எனக்கு 24.7 வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அட்டவணைப்படி 18.5 முதல் 25 வரை இயல்பு. ஆசிய மக்களுக்குக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுகிறது என்பதால் 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று அதே நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் சொன்னது. இந்திய மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த 23-ஐத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் என் சீட்டில் ‘கூடுதல் எடை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து கோவில்பட்டி மண்டபத்தில் நின்றபோது என் எடை 52. குறியீட்டெண் 21.1. சீட்டு எழுதியிருந்தால் ‘இயல்பு’ என்று வந்திருக்கும்.

என் வாழ்நாளில் குடல் மிக மோசமாகப் புண்ணாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் முதன்முதலாக இயல்பானவள் ஆனேன்.

இந்தச் சூத்திரத்தை உண்டாக்கியவர் மருத்துவர் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்டலே. வளர்ந்த மனிதர்களின் எடை அவர்கள் உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832-இல் அவர் கவனித்தார். அவர் தேடியது ‘சராசரி மனிதன்’. ஒரு மக்கள்கூட்டத்தை அளந்து அதன் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதே அவருக்கு நோக்கம். தனி ஒருவரின் நோயை அறிவதற்கு அவர் அதைச் செய்யவில்லை. ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்து, 1972-இல், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இந்தச் சூத்திரத்துக்குத்தான் பிஎம்ஐ என்ற இன்றைய பெயரைச் சூட்டினார். அவரும் குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்தது ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,400 பேரிடம். அத்தனை பேரும் ஆண்கள். ஆண்களின் உடல்களில் சோதிக்கப்பட்ட அளவுகோல்தான் இன்று கல்யாணச் சந்தை முதல் காப்பீட்டுப் படிவம் வரை பெண்களைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

எல்லைக்கோடுகளும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அமெரிக்காவில் 1998 வரை கூடுதல் எடைக்கான எல்லை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்தது. அந்த ஆண்டு அதை 25 என்று இறக்கினார்கள். யாரும் ஒரு கிலோகூடக் கூடாமலேயே இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் கூடுதல் எடைக்காரர்கள் ஆனார்கள்.

இதனால் பிஎம்ஐ வெறும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது எளிது, பொய்யும்கூட. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 12.6 சதவீதம் பேர் 18.5-க்குக் கீழே இருக்கிறார்கள் என்றும், 40.4 சதவீதம் பேர் 25-ஐயோ அதற்கு மேலோ எட்டியிருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. ஒரு மாநிலத்தின் ரேஷன் கடையையும் சத்துணவையும் நீரிழிவு மருத்துவத்தையும் திட்டமிட இந்த எண்கள் தேவை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எடை குறைந்த பெண்களைவிட ரத்தசோகையுள்ள பெண்கள் நான்கு மடங்குக்கும் மேல். அப்படியென்றால் ‘இயல்பான’ எடையிலும் ‘கூடுதல்’ எடையிலும் லட்சக்கணக்கான பெண்கள் ரத்தமில்லாமல் நடமாடுகிறார்கள். எடை இயந்திரம் அவர்களைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை.

ஊரை அளக்கப் பயன்படும் கோலைக் கொண்டு ஒருத்தியை அளக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, உடலில் தங்கிய நீர் எவ்வளவு என்று குறியீட்டெண் பிரித்துச் சொல்லாது. எடை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் சொல்லாது. காரணமில்லாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதைத் துருவிப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தின் பாலபாடம். எனக்குக் குறைந்தது ஏறத்தாழ 15 சதவீதம். நான் குண்டாக இருந்து மெலிந்ததால், அது நோயின் அறிகுறியாக யாருக்கும் தோன்றவில்லை. சாதனையாகத் தெரிந்தது. ஒல்லியாக இருந்த ஒருத்தி ஒன்பது கிலோ குறைந்திருந்தால் அத்தையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பாள்.

எந்த வயிறு?

தமிழில் பெண்ணுக்கு வயிறு என்றால் எது? ‘பெத்த வயிறு’ பற்றி எரிகிறது என்கிறோம். ‘மணி வயிறு’ வாய்க்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். ‘வயித்துல இருக்கா’ என்று கேட்டால் பிள்ளை என்றுதான் பொருள். ஆணின் வயிறு சோற்றுக்கானது. பசிக்கும், உப்பும், தொந்தியாகும். பெண்ணின் வயிறு கருப்பைக்கு இன்னொரு பெயர். இரைப்பையும் இருபது அடிக்கு மேல் நீளும் குடலும் அவளுக்கும் உண்டு என்பது மொழியிலேயே மறைந்துகிடக்கிறது.

இதை நான் மருத்துவர் அறையில் கற்றுக்கொண்டேன். “வயிறு வலிக்குது டாக்டர்” என்றதும் வந்த முதல் கேள்வி, “கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?” அடுத்து, “கல்யாணம் ஆயிடுச்சா?” ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். கருப்பையும் சினைப்பையும் நன்றாக இருப்பதாக அறிக்கை வந்தது. டென்ஷனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நார்ச்சத்து நிறைய சாப்பிடச் சொன்னார்கள். சுருங்கிப்போயிருந்த என் குடலுக்கு நார்ச்சத்து என்ன செய்யும் என்று அன்று இரவே தெரிந்துவிட்டது.

முழுப் பழியையும் மருத்துவர் மேல் போட முடியாது. நானும் முழுதாகச் சொல்லவில்லை. “அடிக்கடி பாத்ரூம் போறேன்” என்றேன். எத்தனை முறை, எந்த நிறம், ரத்தம் உண்டா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று சொல்ல வாய் வரவில்லை. மலம் என்ற சொல்லை ஒரு ஆணின் முன்னால் அதுவரை நான் உச்சரித்ததே கிடையாது. ‘மாதவிலக்கு’ என்று சொல்லப் பெண்ணியம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. மேடையில் நின்று சொல்வேன். மலத்தைச் சொல்லக் கற்றுத்தரவில்லை.

ஒரு வழியாகக் கொலனோஸ்கோபி எடுத்தார்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண்கள். குடல் காசநோயாக இருக்கலாம் என்று அதற்கான மாத்திரைகளைத் தொடங்கினார்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒன்றைப்போலவே இன்னொன்று தோன்றும். திசுவை எடுத்துச் சோதித்தாலும் பல நேரம் பிரித்தறிவது கடினம். மூன்று மாதம் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதுதான் மிச்சம். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண்கள் ஆறவில்லை. க்ரோன் என்று முடிவானபோது என் எடை 43, குறியீட்டெண் 17.4. அப்போதுதான் அட்டவணை முதன்முறையாக விழித்துக்கொண்டு ‘எடைக்குறைவு’ என்றது.

2015-இன் இரண்டு படங்கள்

படுக்கையில் கிடந்த நாட்களில், ஒரே ஆண்டில் வெளிவந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். ஒன்று ‘இஞ்சி இடுப்பழகி’. இன்னொன்று இந்தியில் வந்த ‘பிக்கு’. ஒன்று எடையைப் பற்றியது, மற்றது குடலைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அங்கேதான் நான் படுத்திருந்தேன்.

‘இஞ்சி இடுப்பழகி’க்காக அனுஷ்கா உண்மையிலேயே எடை கூட்டினார். குண்டான பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாத துயரம், எடை குறைப்பு நிலையங்களின் ஏமாற்று, அவற்றை எதிர்க்கும் நாயகி என்று படம் போகிறது. கெட்ட நோக்கமுள்ள படம் இல்லை. ஆனால் அது ஒரு எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தராசை வைக்கிறது. ஒல்லியாக இருக்க வேண்டாம், ஆரோக்கியமாக இரு என்கிறது. நாயகி குண்டாக இருக்கலாம், ஏனென்றால் அவள் துறுதுறுவென்று, உற்சாகமாக இருக்கிறாள். அவளுடைய ஆரோக்கியம்தான் அவளுடைய கனத்துக்குக் கிடைத்த மன்னிப்பு. மெலிந்தும் நலமில்லாமலும் இருக்கிற ஒருத்திக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. இடுப்பழகி என்ற சொல்லை ‘தேவர் மகன்’ பாட்டிலிருந்து எடுத்துத் தலைப்பாக வைத்த படம், இடுப்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நொடிகூடக் கேட்கவில்லை.

‘பிக்கு’ வேறு மாதிரி. ஜூஹி சதுர்வேதி எழுதி ஷுஜித் சர்க்கார் இயக்கியது. எழுபது வயது பாஸ்கோர் பானர்ஜிக்கு மலச்சிக்கல். சாப்பாட்டு மேசையில், காரில், தொலைபேசியில் எங்கும் அதே பேச்சு. மகள் ஒரு ஆணோடு வெளியே சாப்பிடப் போன இடத்திலும் அப்பாவின் மலத்தைப் பற்றிய விசாரணை தொலைபேசியில் வந்துவிடுகிறது. டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்குப் போகும் காரின் கூரையில் அவருடைய கழிப்பு நாற்காலி கட்டப்பட்டிருக்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்த படம். இந்தியத் திரையில் மலத்தை இவ்வளவு மனிதத்தன்மையோடு பேசிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் முறை பார்த்தபோது சிரிப்பு நின்றது. அந்த வீட்டில் இதைச் சத்தமாகப் பேசும் உரிமை யாருக்கு இருக்கிறது? அப்பாவுக்கு. அவர் வயிற்றுக்காக வீடு, வேலைக்காரர், கார், மகளின் மாலைநேரம் எல்லாம் ஒழுங்காகின்றன. எழுபது வயது அம்மா ஒருத்தி சாப்பாட்டு மேசையில் தன் மலத்தின் பதத்தை விவரித்திருந்தால் நாம் சிரித்திருப்போமா, முகம் சுளித்திருப்போமா? படம் இதை அறியாமல் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். மகளின் எரிச்சலில் அது தெரிகிறது. ஆனாலும் அவளுடைய எரிச்சலாக மட்டுமே தெரிகிறது. ஆணின் குடலுக்கு ஒரு காவியம் கிடைத்துவிட்டது. பெண்ணுக்கு இடுப்பு மட்டும்தான் கிடைத்தது.

நிலா முகம்

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது. க்ரோனுக்கு முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். ஒரே வாரத்தில் வலி அடங்கியது, ரத்தம் நின்றது. பசி வந்தது. அம்மா குழைய வடித்த சோற்றையும் மோரையும் மாதக்கணக்குக்குப் பிறகு பயமில்லாமல் சாப்பிட்டேன். எடை ஏறியது. முகம் உருண்டது. மருத்துவர்கள் இதற்கு ‘மூன் ஃபேஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கு நிலா முகம் என்று காலங்காலமாகப் புகழ் பாடிய மொழியில் பிறந்தவள் நான். கண்ணாடியில் அந்த நிலாவைப் பார்த்து அழுதேன்.

மூன்று மாதத்தில் 54 கிலோ ஆனேன். குறியீட்டெண் 21.9. இரண்டாம் முறையாக இயல்பானவள் ஆகியிருந்தேன். இந்த முறை உண்மையாகவே உடம்பு தேறிக்கொண்டிருந்தது. ஆனால் ஆசிரியர் அறையில், “என்ன மிஸ், திரும்பப் பழையபடி ஆயிட்டீங்க” என்றார்கள். வாரத்துக்கு ஐந்து மில்லிகிராமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்த மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிட்டு, நானே மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். பிறகு அதையும் நிறுத்தினேன். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தனக்குத் தேவையான கார்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். இது எனக்குத் தெரியும், மருத்துவர் சொல்லியிருந்தார். தெரிந்தேதான் நிறுத்தினேன். ஐந்தாம் நாள் காலை, இறைவணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் மயங்கி விழுந்தேன்.

என்னை அப்படிச் செய்யவைத்தது யார்? கொன்றைவேந்தனில், பெண்ணுக்கு உணவு குறைவதே அழகு என்னும் பொருளில் ஒரு அடி உண்டு. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன், பின்னாளில் கேலியும் செய்திருக்கிறேன். எள்ளி நகையாடியதெல்லாம் உள்ளே போகாமல் இருந்துவிடாது என்று மயக்கம் தெளிந்து குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது புரிந்தது.

நம் பேச்சில் விடுபட்டவள்

சூசி ஓர்பாக் 1978-இல், கொழுப்பு பெண்ணியப் பிரச்சினை என்பதையே தலைப்பாக வைத்துப் புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு நாம் நிறையப் பேசியிருக்கிறோம். குண்டான பெண்ணை அவமதிப்பது வன்முறை என்று சொன்னோம். சரியாகவே சொன்னோம். 2025 ஜனவரியில் லான்செட் இதழின் ஆணையமே, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல்பருமன் நோய் என்று முடிவுகட்டக் கூடாது என்றது. உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன, அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சொன்னது. பெண்கள் நெடுநாளாகச் சொல்லிவந்ததை மருத்துவம் காலதாமதமாகக் கேட்டிருக்கிறது.

ஆனால் ‘உன் உடலை நேசி’ என்ற நம் முழக்கத்தில் எனக்கு ஒரு சங்கடம். எந்த உடலை? வாரத்துக்கு வாரம் மாறும் உடலையா? ராத்திரி மூன்று மணிக்குக் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கும்போது என் குடலை நேசிக்க என்னால் முடியவில்லை. நேசிக்க முடியாததற்காக இன்னொரு குற்றவுணர்ச்சி சேர்ந்துகொண்டது. நேசிப்பது கட்டாயம் இல்லை. அது என்ன சொல்கிறது என்று கேட்டால் போதும். கேட்பதற்கு நேரமும் இடமும் வேண்டும். அதை முழக்கம் தராது.

நாற்பது நிமிட வகுப்புகளுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவேளை. ஆசிரியைகளின் கழிப்பறை அடுத்த கட்டடத்தில். காலையில் சாப்பிட்டால் இரண்டாம் பாடவேளையில் ஓட வேண்டியிருக்கும் என்பதால் சாப்பிடாமலே போனேன். அதனாலும் எடை குறைந்தது. நானாவது படித்தவள், பணி நிரந்தரமானவள். துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண் என்ன செய்வாள்? கடை, நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தமாகக் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் வேண்டும்போதெல்லாம் எழுந்து போவதற்கு நாற்காலி மட்டும் போதாது. தண்ணீர் குடிக்காமல், சாப்பிடாமல், கழிப்பறைத் தேவையையே சுருக்கிக்கொள்ளும் பெண்களை அழகு என்றும் சிக்கென்று இருக்கிறாள் என்றும் நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோமா என்று யோசிக்க வேண்டும். எடையைப் பற்றிய பெண்ணியப் பேச்சு, கண்ணாடியை விட்டு நகர்ந்து கழிப்பறைக் கதவு வரையாவது வந்தாக வேண்டும்.

வீட்டில் எடை இயந்திரம் இன்னும் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. மாதம் ஒருமுறை ஏறி, எடையை ஒரு நோட்டில் எழுதுகிறேன். பக்கத்திலேயே எத்தனை முறை போனேன், ரத்தம் உண்டா, ராத்திரி எழுந்தேனா, என்ன சாப்பிட முடிந்தது என்பதையும் எழுதுகிறேன். இரண்டு கிலோ குறைந்தால் இப்போது சந்தோஷப்படுவதில்லை என்று எழுத ஆசை. உண்மையில் ஒரு நொடி சந்தோஷம் வரத்தான் செய்கிறது. பிறகு நோட்டைப் புரட்டிப் பார்க்கிறேன். மருத்துவரிடம் அதை அப்படியே நீட்டிவிடுகிறேன். சொல்ல வாய் வராததைக் கை எழுதிவிடுகிறது.

போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாள். அறுபத்தெட்டு வயது. நன்றாக மெலிந்திருந்தாள். “சுகர் கட்டுக்குள்ள வந்துட்டுட்டி, எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்லுதாங்க” என்றாள். நான் அவளை அடுக்களைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

“அத்தை, ஒரு நாளைக்கு எத்தனை தடவ வெளிக்குப் போறீங்க?”

முதலில் சிரித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, “அதைத்தான் யார்கிட்ட சொல்லன்னு இருந்தேன்” என்றாள்.